வீட்டிலேயே பேண்ட் ரெக்கார்டிங்: குறைந்த செலவில் என்னென்ன வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரம்ஸ், பேஸ், எலெக்ட்ரிக் கிட்டார், கீபோர்டு, ஒரு பாடகர் என ஐந்து பேர் கொண்ட பேண்ட். சொந்தப் பாடல்களை வீட்டிலேயே பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி ட்ராக்கில் வர வேண்டும், ஆனால் கையில் பணம் அதிகமில்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மாடல் பெயர்களைச் சொல்கிறேன், கருவிகளின் விலைகளைச் சொல்லவில்லை. இந்தச் சாமான்களில் பெரும்பாலானவை இறக்குமதி என்பதால் டாலர் ஏறி இறங்க விலையும் மாறிக்கொண்டே இருக்கிறது. வாங்கும் நாளில் இரண்டு மூன்று கடைகளில் கேட்டுவிடுங்கள்.

முதலில் எதை வாங்க வேண்டும்?

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு முடிவு எடுங்கள்: ஒரே நேரத்தில் எத்தனை மைக் ஓடப் போகிறது? மற்ற எல்லாமே இந்த எண்ணைப் பொறுத்துத்தான். பணத்தை வீணாக்கியவர்களில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் கடைக்குப் போனவர்கள்தான்.

பேண்டைப் பதிவு செய்ய மூன்று வழிகள் உண்டு. எல்லோரும் ஒன்றாக வாசிப்பது ஒன்று. க்ளிக் (தாளத்தை ‘டிக் டிக்’ என்று காட்டும் ஒலி) வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வாசிப்பது இன்னொன்று. மூன்றாவது, நான் எப்போதும் சிபாரிசு செய்வது: டிரம்ஸும் பேஸும் ஒன்றாக வாசிக்க வேண்டும். கிட்டார்காரரும் பாடகரும் கூடவே இருந்து வழிகாட்டியாக மட்டும் வாசித்துப் பாட வேண்டும். டிரம்ஸும் பேஸும் நன்றாக அமைந்த பிறகு கிட்டார், கீபோர்டு, குரல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிதானமாகப் பதிவு செய்யலாம். பேண்டின் உயிர் டிரம்ஸுக்கும் பேஸுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்து வாசித்தால் பாட்டுக்கு வரும் நடை, தனித்தனியாக வாசித்தால் வராது.

இந்த வழியில் கணக்குப் போடுங்கள். டிரம்ஸுக்கு 4 மைக், பேஸுக்கு 1, வழிகாட்டிக் கிட்டாருக்கு 1, வழிகாட்டிக் குரலுக்கு 1. ஆக மொத்தம் 7, அவசரத்துக்கு ஒன்று கூடுதலாக 8. ஆகவே உங்களுக்கு வேண்டியது 8 மைக் ப்ரீஆம்ப் (மைக்கிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பகுதி) உள்ள ஒரு கருவி.

எங்கள் டிரம்மரிடம் எலெக்ட்ரானிக் கிட்தான் இருக்கிறது. அப்போதும் 8 வேண்டுமா?

வேண்டாம். எலெக்ட்ரானிக் கிட்டை யூஎஸ்பி வழியாக மிடியாகவே (ஒலியாக அல்லாமல், எந்த அடி எப்போது விழுந்தது என்ற குறிப்பாக) பதிவு செய்துவிடலாம். பிறகு கணினியில் டிரம் ஒலிகளை விருப்பம்போல மாற்றிக்கொள்ளலாம், தவறிய ஒரு அடியைக்கூட நகர்த்தலாம். அப்படியானால் 2 அல்லது 4 உள்ளீடு போதும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல குரல் மைக் வாங்குங்கள்.

பெட்டியில் ‘18 உள்ளீடு, 20 வெளியீடு’ என்று போட்டிருக்கிறார்களே, அப்படியென்றால் 18 மைக் போடலாமா?

போட முடியாது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20, பெரிங்கர் யூஎம்சி1820 ஆகிய இரண்டு இன்டர்ஃபேஸ்களிலும் (மைக்கையும் வாத்தியத்தையும் கணினியோடு இணைக்கும் பெட்டிகள்) மைக் ப்ரீஆம்ப் 8தான். மீதி 10-இல் 8 ‘ஏடாட்’ என்னும் ஒளிவழி இணைப்பின் வழியாக வருபவை, 2 எஸ்பிடிஃப் டிஜிட்டல் உள்ளீடு. அந்த எண் பொய்யில்லை, ஆனால் மைக்கைச் செருகும் துளைகளின் எண்ணிக்கை அது அல்ல. எந்த மாடலைப் பார்த்தாலும் ‘மைக் ப்ரீஆம்ப் எத்தனை?’ என்ற கேள்வியை மட்டும் கேளுங்கள்.

அந்த ஒளிவழி இணைப்பு வீண் அல்ல. பின்னால் டிரம்ஸுக்கு இன்னும் மைக் வேண்டும் என்று தோன்றினால், பெரிங்கர் ஏடிஏ8200 போன்ற 8 ப்ரீஆம்ப் பெட்டியை அதில் இணைத்து 16 ஆக்கிக்கொள்ளலாம். 48 கிலோஹெர்ட்ஸில் (அதாவது ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து பதியும் வேகத்தில்) அந்த ஒரு கம்பியில் 8 சானல் போகும், 96-இல் 4தான் போகும்.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு யூஎஸ்பி மிக்ஸர் இருக்கிறது. அதை வைத்தே தனித்தனி ட்ராக்காகப் பதிவு செய்ய முடியாதா?

பெரும்பாலும் முடியாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். விலை குறைந்த யூஎஸ்பி மிக்ஸர்களில் பத்துச் சானல் இருந்தாலும் கணினிக்குப் போவது இடது, வலது என்ற இரண்டே சானல். யமஹா எம்ஜி10எக்ஸ்யூ நல்ல மிக்ஸர், கச்சேரிக்கும் ஒத்திகைக்கும் தாராளமாகப் பயன்படும். ஆனால் அதன் யூஎஸ்பியில் போவதும் வருவதும் இரண்டிரண்டுதான். எல்லா வாத்தியமும் கலந்து ஒரே ஸ்டீரியோவாகப் பதிவாகிவிடும். ‘கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) கொஞ்சம் குறைவாக இருக்கிறது’ என்று மறுநாள் தோன்றினால் செய்ய ஒன்றுமில்லை.

ஆளுக்கொரு இரண்டு சானல் இன்டர்ஃபேஸ் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே லேப்டாப்பில் போட்டால்?

விண்டோஸில் இது தலைவலி. ரெக்கார்டிங் மென்பொருள்கள் நம்பியிருக்கும் ஏசியோ டிரைவர் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவியோடுதான் பேசும். மேக்கில் பல கருவிகளை ஒன்றாக்கிக் காட்டும் வசதி இருக்கிறது. ஆனால் அங்கேயும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம் ஓடுவதால், திருத்தம் போடாவிட்டால் பாட்டு நீள நீள ட்ராக்குகள் ஒன்றுக்கொன்று விலகும். அவசரத்துக்குச் செய்யலாம், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். சின்னப் பெட்டிகளை விற்றுவிட்டு ஒரே பெரிய பெட்டி வாங்குங்கள்.

இன்டர்ஃபேஸ், மெமரி கார்டில் பதியும் மிக்ஸர், டிஜிட்டல் மிக்ஸர்: மூன்றில் எது?

8 மைக் ப்ரீஆம்ப் கிடைக்கும் வழிகளில் பெரும்பாலும் மலிவானது இன்டர்ஃபேஸ். நல்ல நிலையில் ஒரு லேப்டாப் இருந்து, பதிவு வீட்டில் மட்டும்தான் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஜூம் எல்-12 போன்ற கருவி மிக்ஸராகவும் ரெக்கார்டராகவும் இருக்கும். 8 மைக் ப்ரீஆம்ப் உண்டு, லேப்டாப் இல்லாமலே எஸ்டி கார்டில் 14 ட்ராக் பதியும், யூஎஸ்பியில் இணைத்தால் இன்டர்ஃபேஸாகவும் வேலை செய்யும். ஐந்து ஹெட்ஃபோன் வெளியீடும், ஒவ்வொன்றுக்கும் தனி மிக்ஸும் அதில் உண்டு. ஐந்து பேர் பேண்டுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது ஒத்திகையில் உட்கார்ந்தால்தான் புரியும். இன்டர்ஃபேஸை விட விலை அதிகம் என்றாலும், தனியாக ஹெட்ஃபோன் ஆம்ப் வாங்கும் செலவையும் பழைய லேப்டாப்பை மாற்றும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடும்.

பேண்ட் மேடையிலும் வாசிக்கிறது என்றால் பெரிங்கர் எக்ஸ்ஆர்18 பக்கம் பாருங்கள். 16 மைக் ப்ரீஆம்ப், டேப்லெட்டிலிருந்து இயக்கம், யூஎஸ்பியில் 18 சானல் போக்குவரத்து. வாரக் கடைசியில் கச்சேரி, வாரநாளில் ரெக்கார்டிங் என்று ஒரே பெட்டி இரண்டு வேலை செய்யும். 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. அது குறையே இல்லை, அடுத்த பதிலைப் பாருங்கள்.

1979-இல் டியாக் நிறுவனம் போர்ட்டாஸ்டூடியோ 144 என்ற கேசட் ரெக்கார்டரைக் கொண்டுவந்தது. சாதாரணக் கேசட்டில் நான்கு ட்ராக், அவ்வளவுதான். வீட்டில் உட்கார்ந்து ட்ராக் ட்ராக்காகப் பதிவு செய்யும் பழக்கம் பரவியது அந்த மாதிரிப் பெட்டிகளால்தான். இன்றைய மலிவான பெட்டி எதுவும் அதைவிட எத்தனையோ மடங்கு தெளிவாகப் பதியும். ஆகவே ‘இந்தப் பெட்டி போதுமா?’ என்று பயப்பட வேண்டாம், போதும்.

192 கிலோஹெர்ட்ஸ் இருந்தால் நல்லதா? யூஎஸ்பி 3 வேண்டாமா?

இரண்டுமே தேவையில்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். ஒரு ட்ராக் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 எம்.பி. பிடிக்கும். 8 ட்ராக்கில் 5 நிமிடப் பாட்டு என்றால் கிட்டத்தட்ட 350 எம்.பி. பத்து டேக் (பாட்டை ஒரு தடவை வாசித்துப் பதிவது ஒரு டேக்) எடுத்தால் 3.5 ஜி.பி. இதையே 192-இல் எடுத்தால் நான்கு மடங்கு. காதுக்கு வித்தியாசம் தெரியாது, லேப்டாப்புக்குத் தெரியும். 18 சானல் ஒரே நேரத்தில் போனாலும் நொடிக்கு 21 மெகாபிட்தான். பழைய யூஎஸ்பி 2-இன் கொள்ளளவு 480.

24 பிட்டில் இன்னொரு நன்மை, மீட்டரில் சிவப்பைத் தொடும் அளவுக்கு ஏற்றிப் பதிய வேண்டியதில்லை. உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகில் நின்றால் போதும். ஒத்திகையில் மெதுவாக அடிக்கும் டிரம்மர் டேக் ஓடும்போது பலமாக அடிப்பார், அதற்கு இடம் விட்டு வையுங்கள்.

என்னென்ன மைக் வாங்கலாம்?

முதல் மைக் ஷூர் எஸ்எம்57. 1965-லிருந்து சந்தையில் இருக்கிறது. ஸ்நேர் (டிரம்மருக்கு நேர் முன்னால் இருக்கும், கூர்மையாக ஒலிக்கும் டிரம்), கிட்டார் ஆம்ப், தவில், பறை, தேவைப்பட்டால் குரல் என்று எதற்கு வைத்தாலும் கேட்கும்படி பதியும். இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. எல்லாமே வாங்க முடியாதென்றால் பெரிங்கர் எக்ஸ்எம்8500 போன்ற மலிவான டைனமிக் (தனியாக மின்சாரம் தேவைப்படாத, உறுதியான வகை) மைக்குகளை வழிகாட்டிக் குரலுக்கும் டாமுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

கிக்குக்குத் தனி மைக் வேண்டும், சாதாரணக் குரல் மைக்கில் அடித்தளம் வராது. ஏகேஜி டி112, ஷூர் பீட்டா 52ஏ ஆகியவை பெயர் பெற்றவை, ஆனால் விலை கொஞ்சம் கூடுதல். மலிவான டிரம் மைக் செட்டுகளில் வரும் கிக் மைக்கே முதல் ஆல்பத்துக்குப் போதுமானது.

ஓவர்ஹெட்டுக்கு, அதாவது மேலிருந்து முழு டிரம்ஸையும் பிடிக்க, ஒரே மாதிரி இரண்டு சின்ன கண்டென்சர்கள் (நுணுக்கமான ஒலியையும் பிடிக்கும் மைக் வகை). ஜோடியாகவே விற்கும் ரோட் எம்5, அதைவிட மலிவில் பெரிங்கர் சி-2. குரலுக்குப் பெரிய கண்டென்சர் ஒன்று. ஆடியோ-டெக்னிகா ஏடி2020 தொடக்கத்துக்கு நல்ல தேர்வு. கண்டென்சர்களுக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம்) வேண்டும், எல்லாச் சானலிலும் அது வருகிறதா என்று இன்டர்ஃபேஸ் வாங்கும்போதே பாருங்கள். சில பழைய ரெக்கார்டர்களில் இரண்டு சானலில் மட்டும்தான் வரும்.

எதிரொலிக்கும் அறையில் கண்டென்சர் அறையையும் சேர்த்துப் பதியும். குரலில் அறையின் ஓசை அதிகமாக வந்தால், அதே பாட்டை எஸ்எம்57-இலோ ஷூரின் குரல் மைக்கான எஸ்எம்58-இலோ வாய்க்கு அருகில் வைத்துப் பாடிப் பாருங்கள். பல வீடுகளில் அதுதான் நன்றாக இருக்கிறது. கண்டென்சர்களுக்கு ஈரம் ஆகாது. மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

பாதி விலைக்கு எஸ்எம்58 கிடைக்கிறதே?

போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். உலகத்திலேயே அதிகம் போலி செய்யப்படும் மைக்குகளில் இவையும் அடக்கம். உண்மையான எஸ்எம்58-இன் எடை 298 கிராம், எஸ்எம்57-இன் எடை 284 கிராம், சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஆனால் குறைவாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள்.

நான்கே மைக்கில் டிரம்ஸ் நன்றாக வருமா?

வரும். ஒன்று கிக், ஒன்று ஸ்நேர், இரண்டு ஓவர்ஹெட். இங்கிலாந்து ஒலிப்பதிவாளர் க்ளின் ஜான்ஸ் பெயரால் வழங்கும் முறை இதுதான். முதல் ஓவர்ஹெட்டை ஸ்நேருக்கு நேர் மேலே, ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் தொங்க விடுங்கள். இரண்டாவதை ஃப்ளோர் டாமுக்கு வெளியே, அதற்குச் சற்று மேலே, ஹை-ஹாட்டை (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) பார்க்கும்படி வையுங்கள். இரண்டு மைக்கும் ஸ்நேரின் நடுவிலிருந்து சரிசமமான தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கண்ணால் பார்த்து வைத்தால் தப்பும். ஸ்நேரின் நடுவில் ஒருவர் நூலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதை ஒவ்வொரு மைக் வரைக்கும் நீட்டி அளக்கட்டும்.

ஏன் இவ்வளவு கறார்? ஒலி ஒரு மில்லி நொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். இரண்டு மைக்குக்கும் தூரம் அவ்வளவு மாறினால், அவற்றைச் சேர்த்துக் கேட்கும்போது 500 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்நேர் தட்டையாகக் கேட்கும். பலர் இதை மலிவான மைக்கின் குற்றம் என்று நினைத்து வேறு மைக் வாங்குகிறார்கள். பத்து ரூபாய் நூலில் தீர்வதற்குப் பத்தாயிரம் செலவாகிறது.

வைத்து முடித்ததும் ஒரு நிமிடம் பதிந்து, ஓவர்ஹெட்டோடு கிக், ஸ்நேர் மைக்குகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கேளுங்கள். மென்பொருளில் அந்தந்த ட்ராக்கின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ்த் திசையை) திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் ஒலி கனமாக இருக்கிறதோ அதுவே சரி.

இன்னொன்று. பழைய, தளர்ந்த தோலில் எந்த மைக்கும் நல்ல ஒலி தராது. புதுத் தோல் மாட்டி, நன்றாக டியூன் செய்துவிட்டு உட்காருங்கள். மைக்குக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் எடுத்தாவது இதைச் செய்ய வேண்டும்.

எங்கள் பேண்டில் பறையும் மிருதங்கமும் உண்டு. அவற்றுக்கு?

பறைக்கு டைனமிக் மைக் போதும், அதன் அடி பலமானது. முகத்துக்கு நேராக மிக அருகில் வைக்காமல் இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள், அடிக்குச்சியும் சுண்டுக்குச்சியும் இரண்டுமே சமமாகக் கேட்க வேண்டும். தீயில் காய்ச்சிய தோலின் சுருதி, ஈரமான நாளில் சீக்கிரம் இறங்கிவிடும். ஆகவே மற்ற எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டுக் கடைசியாகப் பறையைக் காய்ச்சுங்கள்.

மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக், ஒரு சாண் தள்ளி. இரண்டு முகங்களும் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் போலாரிட்டியைத் திருப்பிக் கேட்பது இங்கே கட்டாயம். ஒரே மைக்தான் இருக்கிறது என்றால் முன்பக்கமாக, வாத்தியத்தின் நடுவைப் பார்த்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு கண்டென்சர். நாதஸ்வரத்துக்கும் அப்படித்தான். அதன் ஒலி கீழ்முனையிலிருந்து மட்டும் வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. முனைக்குள் மைக்கைத் திணித்தால் பாதி சுரம் காணாமல் போகும்.

கிட்டாருக்கும் பேஸுக்கும் ஆம்ப் வேண்டுமா?

பேஸுக்கு வேண்டாம். இன்டர்ஃபேஸில் வாத்திய உள்ளீடு என்று குறித்திருக்கும் துளையில் நேராகச் செருகுங்கள். அப்படித் துளை இல்லையென்றால் ஒரு டிஐ பாக்ஸ் (வாத்தியத்தின் ஒலியை மைக் துளைக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வாங்குங்கள்.

கிட்டாருக்கு நல்ல ஆம்ப் இருந்தால் எஸ்எம்57-ஐ ஸ்பீக்கர் துணிக்கு இரண்டு விரல் தள்ளி வையுங்கள். கூம்பின் நடுவைப் பார்த்தால் கூர்மையாகவும், ஓரத்துக்குப் போகப் போக மந்தமாகவும் கேட்கும். ஒருவர் மைக்கை நகர்த்த, இன்னொருவர் வேறு அறையில் ஹெட்ஃபோனில் கேட்டுச் சொல்லட்டும். நல்ல ஆம்ப் இல்லையென்றாலும் கவலை இல்லை. நேராகப் பதிந்துவிட்டு நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருளில் ஆம்ப் ஒலியைப் பிறகு போடலாம். வாத்தியத்தின் வெறும் ஒலி ஒரு ட்ராக்கில் இருந்தால், ஆம்பை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

ஐந்து பேரும் எப்படிக் கேட்பது?

மூடிய வகை ஹெட்ஃபோன்தான் வேண்டும். திறந்த வகையில் க்ளிக் சத்தம் வெளியே கசிந்து மைக்கில் ஏறிவிடும். எல்லோருக்கும் விலை உயர்ந்தது தேவையில்லை. டிரம்மருக்கு மட்டும் காதை நன்றாக மூடுவதாகப் பார்த்து வாங்குங்கள், அவர்தான் க்ளிக்கைக் கேட்டாக வேண்டும். மிக்ஸிங் செய்பவருக்கு ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்40எக்ஸ் அல்லது சோனி எம்டிஆர்-7506 மாதிரி ஒன்று.

பெரிங்கர் எச்ஏ400 போன்ற சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப் ஒரே ஒலியை நான்கு பேருக்குப் பிரித்துத் தரும். சத்தத்தை ஆளாளுக்கு ஏற்றிக்கொள்ளலாம், மிக்ஸ் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பாடும்போது என் குரல் கொஞ்சம் தாமதித்துக் கேட்கிறதே?

இந்தத் தாமதத்துக்குப் பெயர் லேட்டன்சி. மென்பொருளில் பஃபரை (கணினி ஒரு தடவையில் எடுத்துக்கொள்ளும் ஒலித் துண்டின் அளவை) குறையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 512 என்று வைத்திருந்தால் அந்தப் பஃபர் மட்டும் 10.7 மில்லி நொடி, 128-இல் 2.7. உள்ளே வரவும் வெளியே போகவும் சேர்த்து இது இரட்டிக்கும். 128-இல் லேப்டாப் திணறிக் கரகரத்தால், பஃபரைக் கூட்டிவிட்டு இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் வசதியைப் பயன்படுத்துங்கள். குரல் கணினிக்குள் போய்ச் சுற்றாமல் நேராகக் காதுக்கு வரும்.

எந்த மென்பொருள்?

ரீப்பர். 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். பழைய லேப்டாப்பிலும் இலகுவாக ஓடும். மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்டில் தொடங்குங்கள். லினக்ஸ்காரர்களுக்கு ஆர்டர் (Ardour) என்ற மென்பொருள் இருக்கிறது. மென்பொருளைத் தேடிக்கொண்டே மாதங்களைக் கழிக்க வேண்டாம், பதிவின் தரம் அதில் இல்லை.

லேப்டாப்புக்கு 8 ஜி.பி. ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் சரி. பதியும்போது வைஃபையை அணைத்துவிடுங்கள்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா?

வேண்டாம். முட்டை அட்டை சத்தத்தை வெளியே விடாமல் தடுக்காது, அறையின் எதிரொலியையும் உருப்படியாகக் குறைக்காது, சீக்கிரம் தீப்பிடிக்கும். மெல்லிய ஸ்பாஞ்சும் கிட்டத்தட்ட அப்படித்தான். உயர்ந்த ஒலிகளை மட்டும் தின்றுவிட்டு அடிஒலியை அப்படியே விட்டுவிடும், அறை மந்தமாகவும் ‘பொம்’மென்றும் ஆகிவிடும்.

நம் வீடுகளில் பெரும்பாலும் சதுரமான அறை, பூசிய சுவர், டைல்ஸ் தரை. கைதட்டினால் ‘கிணிங்’ என்று திரும்பி வரும். தரையில் தடிமனான ஜமுக்காளம் விரியுங்கள். பாடகருக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் பஞ்சு மெத்தைகளைச் சாய்த்து நிறுத்துங்கள், மைக்குக்குப் பின்னால் வெறும் சுவர் இருப்பதைவிடப் பாடகருக்குப் பின்னால் வெறும் சுவர் இருப்பதுதான் அதிகம் கெடுக்கும். துணி நிறைந்த அலமாரியின் கதவைத் திறந்து வைத்தாலே வித்தியாசம் தெரியும். பணம் கொஞ்சம் சேர்ந்தால் ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) வாங்கி, தச்சரிடம் நான்கு அங்குல ஆழத்தில் மரச்சட்டம் அடித்து, துணி போர்த்தி மூலைகளில் நிறுத்துங்கள். வேலை செய்யும்போது முகமூடியும் கையுறையும் கட்டாயம், அதன் இழை தோலை அரிக்கும். புது ப்ரீஆம்ப் வாங்குவதைவிட இந்தச் செலவு பல மடங்கு பலன் தரும்.

மின்விசிறியை டேக் ஓடும்போது நிறுத்த வேண்டும். மே மாதத்தில் இது கொடுமைதான், அதனால் அதிகாலையில் ஆரம்பியுங்கள். அதிகாலை என்றாலும் ஆறு மணிக்குப் பிறகு. ஒலி மாசு விதிகள் (2000) இரவு 10 முதல் காலை 6 வரையிலான நேரத்தை இரவாகக் கணக்கிடுகின்றன, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என்று வரம்பும் வைக்கின்றன. டிரம்ஸ் பதியும் நாளைப் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது. என்ன செய்வது?

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 50, 100 ஹெர்ட்ஸில் வரும் இரைச்சல் அதிலிருந்துதான் வருகிறது. முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் பேட்டரியில் பதியுங்கள். நிற்கவில்லையென்றால் ஆம்ப், இன்டர்ஃபேஸ், லேப்டாப் எல்லாவற்றையும் ஒரே ப்ளக் பாயின்ட்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். பிறகு டிஐ பாக்ஸில், ஒலிக் கம்பியின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது இரைச்சல் கட்டாயம் வரும், அந்த நேரத்தில் பதியாதீர்கள்.

இரைச்சலை நிறுத்துவதற்காக மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை, ஒருபோதும் வெட்டாதீர்கள். கையில் கிட்டார் கம்பி, உதட்டில் மைக் என்று நிற்பவர் வழியாக மின்சாரம் பாய்ந்தால் உயிர் போகும். பழைய வீடு என்றால் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகுதான் பேண்டை அழைக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ள எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கரண்ட் போனால் லேப்டாப் நிற்காது, இன்டர்ஃபேஸ் நின்றுவிடும், நல்ல டேக்கும் போய்விடும். சின்ன யூபிஎஸ் ஒன்று அதைக் காக்கும்.

கேபிள், ஸ்டாண்டுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

நினைத்ததைவிட அதிகம். எட்டு மைக் என்றால் எட்டு எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள மைக்) கேபிள், எட்டு ஸ்டாண்ட், அதில் குறைந்தது இரண்டு உயரமான, கனமான பூம் ஸ்டாண்டாக இருக்க வேண்டும். மொத்தப் பணத்தில் பாதியை இன்டர்ஃபேஸுக்கோ ரெக்கார்டருக்கோ வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு மைக்குக்கு, மிச்சம் கேபிள், ஸ்டாண்ட், ஹெட்ஃபோனுக்கு. சால்டரிங் தெரிந்தவர் பேண்டில் இருந்தால் கம்பியும் நல்ல கனெக்டரும் வாங்கி நீங்களே செய்யுங்கள். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டும் கிடைக்கும். வீட்டில் செய்த கேபிள் அறுந்தால் வீட்டிலேயே பழுது பார்க்கலாம்.

பழையது வாங்கலாமா?

டைனமிக் மைக், ஸ்டாண்ட், ஹெட்ஃபோன் ஆம்ப் ஆகியவற்றைத் தயங்காமல் வாங்கலாம். இன்டர்ஃபேஸ் என்றால் உங்கள் லேப்டாப்போடும் ஒரு கண்டென்சர் மைக்கோடும் நேரில் போங்கள். ஒவ்வொரு சானலிலும் மைக்கைச் செருகி ஃபேன்டம் பவர் வருகிறதா, குமிழைத் திருகும்போது கரகரக்கிறதா என்று பாருங்கள். உங்கள் விண்டோஸுக்கோ மேக்குக்கோ டிரைவர் இன்றும் கிடைக்கிறதா என்பதை அதற்கு முன்பே நிறுவனத்தின் தளத்தில் பார்த்திருக்க வேண்டும். ஃபயர்வயர் இணைப்பு மட்டும் உள்ள பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், இன்றைய லேப்டாப்களில் அந்தத் துளையே கிடையாது.

பதிவு முடிந்தது. மிக்ஸிங் செய்ய வேறொருவரிடம் கொடுக்கிறோம். எப்படிக் கொடுப்பது?

எல்லா ட்ராக்கையும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே 24 பிட் வேவ் ஃபைலாக எடுங்கள். கடைசி நிமிடத்தில் மட்டும் வரும் தம்புரின் ட்ராக்கையும் முதல் நொடியிலிருந்தே எடுக்க வேண்டும், அப்போதுதான் அவர் எந்த மென்பொருளில் போட்டாலும் தானாகப் பொருந்தும். ‘ஆடியோ 07’ என்று விடாமல் ‘ஸ்நேர்’, ‘பேஸ் நேரடி’, ‘குரல் இரட்டை’ என்று பெயர் வையுங்கள். எஃபெக்ட் எதுவும் இல்லாமல் எடுங்கள், கிட்டார் ஒலி போன்று முக்கியமானதை மட்டும் எஃபெக்டோடு ஒன்றும் இல்லாமல் ஒன்றுமாகக் கொடுங்கள். க்ளிக் வேகம், பாட்டின் சுருதி, நீங்களே போட்ட தோராய மிக்ஸ் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் மொத்தத்தையும் இரண்டு வேறு டிஸ்க்குகளில் பிரதி எடுங்கள், ஒன்று டிரம்மர் வீட்டிலும் இன்னொன்று பாடகர் வீட்டிலும் இருக்கட்டும்.